பதினேழாம் அத்தியாயத்துக்கு நாலு பின்

பின்னட்டையில் ‘எட்டு வயதுக்கு மேல்’ என்று அச்சடித்து விடுகிறார்களே, அந்த எட்டை யார் கண்டுபிடித்தது? எந்த எட்டு வயதுப் பிள்ளையைக் கேட்டார்கள்? நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வருடமாக வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், என் ஃபிளாட்டின் முன்னறையில் இருந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் இரவல் கொடுக்கிறேன். பெயர்ப்பலகைகூட இல்லை. ரஜனி மிஸ் வீடு என்றால் ஒழுங்கைக்கே தெரியும்.

வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு மிருகக் கதைதான் வேண்டும். அதுவும் சும்மா மிருகம் இல்லை. ஈட்டி பிடிக்கிற அணில், கப்பல் விடுகிற நீர்நாய், வரைபடம் கீறுகிற ஆமை. அட்டையில் பார்த்தால் எல்லாம் பஞ்சுக் குட்டிகள். உள்ளே போனால் குடல் வெளியே தள்ள வெட்டிக்கொள்ளும். தாய்மார் அட்டையைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

ஹம்சிகாவின் அம்மா ஒரு நாள் வாசலிலேயே நின்று கத்தினாள். “மிஸ், என்ரை பிள்ளை மூண்டு நாளாப் படுக்குதில்லை. அணிலுக்கு நெஞ்சில குத்திப்போட்டாங்களாம். உதென்ன புத்தகம் குடுத்தனீங்கள்?”

அவர்கள் வீட்டு டிவியில் பிள்ளைக்கு முன்னால் என்னென்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். கேட்டிருப்பேன். ஆனால் பிள்ளை அழுதது உண்மை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று தொடங்கியதுதான் பின் அடிக்கிற பழக்கம். மிருகக் கதை எது வந்தாலும் முதலில் நான் முழுக்க வாசிப்பேன். சின்னப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று தோன்றுகிற அத்தியாயத்தின் தாள்களைச் சேர்த்துப் பிடித்து, வெளி ஓரத்தில் ஸ்ரேப்ளரால் நாலு பின் அடித்துவிடுவேன். பெரிய ஸ்ரேப்ளர், கந்தோர்களில் ஃபைலுக்கு அடிக்கிறது. அந்த அத்தியாயத்துக்குப் பதிலாக இரண்டு வரி எழுதி ஒட்டிவிடுவேன். பன்னிரண்டு வயது ஆனவர்களுக்குப் பின்னை நானே கழற்றிக் கொடுப்பேன். அதற்குக் குறைந்தவர்கள் என்றால் வீட்டில் தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்துதான் கழற்ற வேண்டும். இதுதான் சட்டம். நம்பமாட்டீர்கள், இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூட அதை மீறவில்லை. தாய்மாருக்கும் பெரிய சந்தோஷம். எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்ல? நான் பிள்ளைகளின் மனதை அறிந்தவள் என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது.

ஆதிலாவுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை காலையில் முதலாவதாக வந்து நிற்பாள். செருப்பைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி வைப்பாள், இரண்டும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். தகப்பன் அஸாமுக்கு காலி வீதியில் மின்சாமான் கடை. தாய் றுஷ்னா கொட்டாஞ்சேனைப் பிள்ளை, கலியாணம் முடித்து இங்கே வந்தவள்.

ஆதிலா வாசித்தது ஒரு கீரிப்பிள்ளைக் கதை, ஆறு பாகம். சாம்பி என்ற குட்டிக் கீரியும் அவளுடைய தாய் வெண்காதும் வறண்டுபோன ஆற்றைத் தேடிப் போகிறார்கள். மூன்று பாகம் சிரிப்பும் ஓட்டமுமாகப் போகும். நாலாம் பாகத்தில் பதினேழாம் அத்தியாயத்தில், சாம்பியை விட்டுத் தண்ணீர் தேடித் தனியாகப் போன வெண்காதை நாகம் தீண்டிவிடும். சும்மா சாகவில்லை, பன்னிரண்டு பக்கத்துக்குச் சாகிறாள். நுரை, நடுக்கம், கண் மங்குவது எல்லாம் எழுதி வைத்திருக்கிறான் அந்த மனிசன். எட்டு வயதுக்கு மேலாம்! நான் நாலு பின் அடித்து, “வெண்காது இனிச் சாம்பியோடு வரமாட்டாள். சாம்பி பயணத்தைத் தொடர்கிறாள்” என்று எழுதி ஒட்டினேன்.

நாலாம் பாகத்தை ஆதிலா திருப்பித் தரவேயில்லை. ஐந்தாம் பாகத்தைக் கேட்டாள்.

“வெண்காது எங்க போன மிஸ்?” என்றாள்.

“அது மூடின அத்தியாயத்தில இருக்கு.”

“உம்மா தொறந்து வாசிச்சுக் காட்டுவா. உம்மாக்கி இப்ப சொகமில்ல. சொகமாகி வந்தொடனே வாசிக்கிறதெண்டு செல்லிருக்கிறா.”

இதற்கு இரண்டு வாரம் முன்னால் றுஷ்னா தானே என்னிடம் வந்திருந்தாள். முக்காட்டுக்குள் முகம் பாதியாகியிருந்தது. ஃபிளாட்டுக்கு லிஃப்ட் இல்லை. இரண்டு மாடி ஏறி வந்து கதிரையில் இருந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேசினாள்.

“மிஸ், அந்தப் பின்ன நீங்க கழட்டிக் குடுத்திராதீங்க. நானே அவளோட இருந்து வாசிக்கோணும். அதுக்கு மட்டும் எனக்கு நேரம் கெடைக்கோணும்.”

“எல்லாம் சரிவரும் றுஷ்னா,” என்றேன். வேறு என்ன சொல்கிறது? சரிவராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு அவளைத் தாய் வீட்டுக்கு, கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் இனி வைத்திருந்து பிரயோசனம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளையை அஸாம் வெள்ளவத்தையிலேயே வைத்துக்கொண்டான். பள்ளிக்கூடம் இருக்கிறது என்றான். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். உம்மாவின் கோலத்தைப் பிள்ளை பார்க்கக் கூடாது என்று பயந்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவனே கொண்டுவந்து விட்டான். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. “மிஸ், நான் கொட்டாஞ்சேன பெய்த்திட்டு வாரேன். கொஞ்ச நேரம் இங்க ஈக்கட்டும்,” என்று சொல்லி என் பதிலைக் கேட்காமலே படி இறங்கிவிட்டான்.

பதினொன்று இருபதுக்கு ஃபோன் அடித்தது. நான் குசினிக்குள் போய் எடுத்தேன்.

“மிஸ்… றுஷ்னா மௌத்து மிஸ்.”

றுஷ்னா போய்விட்டாள். அடுப்புக் கல்லைப் பிடித்துக்கொண்டேன். முன்னறையில் ஆதிலா நிலத்தில் குப்புறப் படுத்து ஐந்தாம் பாகம் வாசித்துக்கொண்டு காலை ஆட்டுகிறாள்.

“பிள்ளையை இப்ப கூட்டிக்கொண்டு வரட்டா, அஸாம்?”

“வாணாம் மிஸ், வாணாம். அவ தாங்க மாட்டா. ஒண்டும் செல்லிராதீங்க. ஆறு மணிக்கி நானே வந்து கூட்டிட்டுப் போறேன். நான் பொறகு ஆறுதலாச் செல்லுறேன்.” ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. “எனக்காகச் செய்ங்க மிஸ்.”

“ஓம்,” என்றேன்.

அந்த ஓம் சொன்ன வாயை நான் என்ன செய்ய? ஆனால் அந்த நேரம் எனக்கு அது பிழையாகப் படவில்லை. தகப்பன் சொல்கிறான், நான் யார் குறுக்கே நிற்க? பின்னேரம் ஆறு மணிக்குக் கூட்டிப் போவான், பிள்ளை தாயின் முகத்தைப் பார்ப்பாள், பக்கத்தில் இருந்து அழுவாள், நாளைக்கோ நாளன்றைக்கோ எடுப்பார்கள் என்று என் மண்டை கணக்குப் போட்டுவிட்டது. எங்கள் வீடுகளில் அப்படித்தானே. என் அப்பா செத்தபோது ரொறன்ரோவில் இருந்து அண்ணா வரும் வரைக்கும் பொரளை மலர்ச்சாலையில் உடலை நாலு நாள் வைத்திருந்தோம். முப்பது வருடம் முஸ்லிம் ஆட்களோடு ஒரே ஒழுங்கையில் இருக்கிறேன். அவர்கள் அன்றைக்கே அடக்கம் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்தது வேறு, அந்த நேரத்தில் மண்டைக்குள் வந்தது வேறு. எங்கள் வீட்டுச் சாவைத்தான் நான் நினைத்தேன்.

மத்தியானம் அவளுக்குச் சோறு போட்டேன். முட்டை பொரித்தேன். “மிஸ், நீங்க தின்னல்லயா?” என்று கேட்டாள். பசியில்லை என்றேன். ஐந்தாம் பாகத்தில் சாம்பி ஆற்றைக் கடக்கிற இடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். மணிக்கூட்டைப் பார்ப்பதும் அவள் தலையைப் பார்ப்பதுமாக இருந்தேன். என் வாழ்நாளில் அப்படி நடித்ததில்லை.

இரண்டே முக்காலுக்கு மேல் மாடி பஹ்மியா மகனின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ஆதிலாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தாள்.

“இன்னா லில்லாஹி… மிஸ், இந்தப் புள்ள என்னத்துக்கு இங்க ஈக்கிற? ஜனாஸா அஸரோட எடுக்கிறாங்க. எங்கட ஊட்டுல ஆம்புளைகள் எல்லாம் பெய்த்தாங்க.”

“அஸர் தொழுகை எத்தனை மணி?”

“மூண்டரை, மூண்டே முக்கால். மிஸ், அதுக்குப் பொறகு மொகம் பாக்க ஏலாது.”

ஐயோ, ரஜனி, ஐயோ மடைச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூன்றரை மணித்தியாலம் பிள்ளைக்கு முட்டை பொரித்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அஸாமுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் தரம் ஓஃப்.

இனி யாரையும் கேட்கிறதில்லை என்று முடிவெடுத்தேன்.

“ஆதிலா, எழும்பு. கொட்டாஞ்சேனைக்குப் போவம்.”

“உம்மாட்டயா?” முகம் அப்படியே மலர்ந்தது. “கொஞ்சம் நில்லுங்க மிஸ்.” தன் பைக்குள் கையை விட்டுத் தேடிப் பார்த்தாள். நாலாம் பாகம் அங்கேதான் இருந்தது. எங்கே போனாலும் கொண்டு திரிந்திருக்கிறாள். “இண்டைக்கி வாசிக்க ஏலும்.”

ஒழுங்கை முனையில் ரொனியின் ஆட்டோ நின்றது. அவனும் கொட்டாஞ்சேனைக்காரன், குறுக்கு வழி எல்லாம் தெரிந்தவன். காதுக்குள் விஷயத்தைச் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டு கிக் அடித்தான். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

பம்பலப்பிட்டி வரைக்கும் பறந்தோம். கொள்ளுப்பிட்டியில் நின்றோம். நின்றது நின்றதுதான். முன்னால் பஸ், பக்கத்தில் பஸ், பின்னால் வான். ரொனி தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வாய்க்குள் என்னவோ சொன்னான். கொஞ்சம் உருட்டி உருட்டிச் சந்திக்கு வந்தால், வீதிக்குக் குறுக்கே மஞ்சள் நாடா. சைக்கிள் ஓட்டப் போட்டியாம். நான் இறங்கி ஓடினேன். இளம் பொலிஸ்காரன் ஒருவன் நின்றான்.

“மல்லி, மளகெதரக்! ளமயாகே அம்மா!” என்றேன். தம்பி, செத்தவீடு, இந்தப் பிள்ளையின் அம்மா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன்.

அவன் ஆட்டோவுக்குள் பார்த்தான். பாவம், அவன் முகமும் மாறியது. “பார வஹலா நோனா. மட்ட மொக்குத் கரன்ன பே,” என்றான். வீதி பூட்டு, தன்னால் ஒன்றும் செய்யேலாது என்கிறான். எட்டிப் பார்த்தேன். மினுங்குகிற உடுப்போடு ஆறேழு பேர் ஆற அமரச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார்கள். அவர்களைத் தள்ளி விழுத்த வேண்டும் போல் இருந்தது எனக்கு.

திரும்பி வந்து ஏறினேன். ரொனி ஆட்டோவைப் பின்னால் எடுக்கப் பார்த்தான், பின்னால் இடமில்லை. மூன்று இருபத்தைந்து. மூன்று முப்பது. நாங்கள் அப்படியே இருந்தோம்.

நான் பொலிஸ்காரனிடம் கத்தியதை ஆதிலா கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிற பிள்ளை. மடியில் நாலாம் பாகத்தை எடுத்து வைத்து, பின் அடித்த ஓரத்தை விரலால் தடவினாள்.

“மிஸ், உங்கள்ட்ட ஒண்டு கேக்கட்டா?”

“கேள் அம்மா.”

“உம்மா இப்ப மூடின அத்தியாயத்திலயா ஈக்கிற?”

ரொனி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. உண்மை சொல்லவும் வரவில்லை. பன்னிரண்டு வருடம் எத்தனை சாவுக்குப் பின் அடித்தவள் நான், ஒரு சாவை ஒரு பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை.

“ஓம்,” என்றேன்.

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்தாள். “அப்ப கெதியாப் போகச் செல்லுங்க மிஸ்.”

அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. ரொனி ஹோர்னில் இருந்து கையை எடுக்கவேயில்லை. யாரும் நகரவில்லை. எங்கோ ஒரு பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. ஆதிலா தலையில் ஷோலைப் போட்டுக்கொண்டாள். அவள் கை என் கைக்குள் வேர்த்து நனைந்துபோயிருந்தது.

கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் நாங்கள் திரும்பியபோது நாலேகால். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தது. ஒரு கதிரையிலும் ஆளில்லை. அதைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

உள்ளே பெண்கள்தான். சாம்பிராணி மணம். நடு அறையில் ஒரு கட்டில், மேலே ஒன்றுமில்லை, விரிப்பைக்கூட எடுத்துவிட்டார்கள். றுஷ்னாவின் தங்கை ஓடி வந்து ஆதிலாவைக் கட்டிக்கொண்டு, “இப்பத்தான் மகள், இப்பத்தான் கொண்டு போனாங்க, அரை மணித்தியாலம் இல்ல,” என்று அலறினாள்.

“சாச்சி, நானும் போறேன்.”

“அங்க பொம்புளப் புள்ளைகள் போறதில்ல, மகள்.”

“மொகத்த மட்டும் பாத்துட்டு வாரேன் சாச்சி.”

சாச்சி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். மையவாடிக்கு ரொனி ஐந்து நிமிடத்தில் கொண்டுபோவான். போய் என்ன செய்ய? மண் போட்டிருப்பார்கள். ஆதிலா அந்தக் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூலையில் போய், சுவரோடு முதுகை ஒட்டி இருந்தாள்.

ஐந்து மணி போல அஸாம் வந்தான். கை விரல்களில், சாரத்து ஓரத்தில் எல்லாம் மண். முதலில் என்னைக் கண்டான், பிறகு மூலையில் மகளைக் கண்டான். எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. வழி முழுக்க அவனுக்குச் சொல்ல எத்தனை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்!

“ஏன் அஸாம் இப்பிடிச் செய்தனீர்? ஒருக்கா முகத்தைக் காட்டியிருக்கலாமே!”

அவன் சண்டை பிடிக்கவில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான்.

“அவ தாங்க மாட்டா எண்டு நெனச்சேன் மிஸ். நீங்கதானே செல்லுவீங்க, புள்ளைகளுக்குத் தாங்க ஏலாதத மூடி வைக்கோணுமெண்டு. நானும் மூடி வச்சேன்.”

எந்த முகத்தோடு நான் அவனைத் திட்ட?

மூலையில் இருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஆதிலா மடியில் புத்தகத்தை வைத்துப் பின்னை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் இரத்தம் கசிந்தது. நான் கிட்டப் போய் இருந்தேன். உதவி செய்யவா என்று கேட்டேன், தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நாலு பின்னையும் தானே கழற்றினாள். பக்கத்தில் தாயோ தகப்பனோ இருக்க வேண்டும் என்ற சட்டத்தை என் முன்னாலேயே மீறினாள். இனி வாசித்துக் காட்ட ஆள் வராது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

வாசிக்கத் தொடங்கினாள். உதடு மட்டும் அசைந்தது. அஸாம் வந்து மற்றப் பக்கத்தில் இருந்தான். பன்னிரண்டு பக்கத்தையும் அவள் வாசித்து முடிக்கும் வரைக்கும் நாங்கள் இருவரும் அசையவில்லை. அந்த அத்தியாயத்தை நான் மூன்று தரம் வாசித்திருக்கிறேன். நுரையைப் பார்த்தேன், நடுக்கத்தைப் பார்த்தேன், பயந்துபோய்ப் பின் அடித்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் என்ன இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எழும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

ஆதிலா புத்தகத்தை மூடி, வளைந்துபோன நாலு பின்னையும் என் உள்ளங்கையில் வைத்தாள்.

“சாம்பி ராவு முழுக்க ஓடிப் பெய்த்தீக்கிறா மிஸ்,” என்றாள். “உம்மா கண் மூடுறதுக்கு முந்தி போய்ச் சேந்துட்டா.”